மோதுவதற்கு ஒரு டிக்கெட்

கல்லூரியில் படிக்கும்போது மண்டல அளவு செஸ் போட்டிக்கு என்னை அனுப்பினார்கள். திறமையைப் பார்த்து அல்ல. எங்கள் வகுப்பில் குதிரை எப்படிப் போகும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். தேர்வுப் போட்டி எதுவும் வைக்கவில்லை. பஸ் சார்ஜும் சாப்பாட்டுக் காசும் கொடுத்து வழியனுப்பினார்கள். பதினோராவது மூவில் தோற்றேன். சாப்பாட்டு நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த மானக்கேடு 2024-ல் ஒரு சாயந்திரம் திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. பார்சிலோனாவில் நடந்த லூயி விட்டான் கோப்பைப் படகுப் பந்தயத்தை மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன். (எனக்கு நீச்சல் தெரியாது. மெரினாவில் கணுக்கால் நனைவதோடு சரி.) அமெரிக்கா கோப்பை என்று ஒன்று 1851-லிருந்து இருக்கிறது. அதை வைத்திருப்பவரோடு ஒரே ஒருவர்தான் மோதலாம். அந்த ஒருவர் யார் என்று முடிவுசெய்ய, ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் தங்களுக்குள் அடித்துக்கொள்வதுதான் லூயி விட்டான் கோப்பை. ஆமாம், அந்த ஹேண்ட்பேக் கம்பெனியேதான். ஜெயித்தவருக்கு இன்னொருவரோடு மோத டிக்கெட் கிடைக்கும்.

“கஷ்டப்பட்டு ஜெயிச்சா, அடி வாங்கறதுதான் பரிசா?” என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வடிகட்டல் இல்லாத காலத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். லிப்டன் டீ தெரியுமில்லையா? அந்த தாமஸ் லிப்டன் 1899-லிருந்து 1930 வரை ஐந்து முறை ‘ஷாம்ராக்’ என்று பெயர் வைத்த படகுகளோடு அமெரிக்கா போனார். ஐந்து முறையும் தோல்வி. (இலங்கை மலையில் நம் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்த காசும் அந்தப் பாய்களில் கொஞ்சம் இருந்திருக்கும்.) 1920-ல் முதல் இரண்டு பந்தயங்களை ஜெயித்து, இன்னும் ஒன்றே ஒன்று போதும் என்ற நிலையில் அடுத்த மூன்றையும் விட்டார். அமெரிக்கர்களோ தங்களுக்குள் படகுகளை மோதவிட்டு, மிஞ்சியதைத்தான் அவருக்கு எதிரே நிறுத்துவார்கள். லிப்டன் நேராக வந்து இறங்குவார். என்னை மாதிரி. கையில் காசுதான் கூட.

1970-ல்தான் முதன்முதலாக ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டுக்காரர்கள் சவால் விட வந்து, முதலில் தங்களுக்குள் மோதினார்கள். லூயி விட்டான் பெயர் 1983-ல் வந்தது. அந்த வருஷம் நியூபோர்ட்டில் ஏழு படகுகள். அவற்றில் ‘ஆஸ்திரேலியா 2’ கரையேறும்போதெல்லாம் அடிப்பகுதியைத் துணி கட்டி மறைத்துக்கொண்டது. அடியில் இருக்கும் கனமான கீலில் டிசைனர் பென் லெக்ஸன் இறக்கை வைத்திருந்தார். எல்லோரும் அந்தத் துணியைப் பற்றியே பேசினார்கள். எனக்கென்னவோ துணிக்குள் இருந்ததைவிட வெளியே நடந்ததுதான் முக்கியம் என்று படுகிறது. கோடை முழுக்க விதவிதமான எதிரிகளோடு, விதவிதமான காற்றில் ஓட்டி ஓட்டி அந்தப் படகும் ஆட்களும் பழகிவிட்டார்கள். ஃபைனலில் பிரிட்டன் படகை 4-1 என்று வென்று டிக்கெட் வாங்கினார்கள்.

அமெரிக்கர் டெனிஸ் கானரோடு ஏழு பந்தயங்கள். முதல் நான்கில் 3-1 என்று கானர் முன்னால். இன்னும் ஒன்று ஜெயித்தால் முடிந்தது. அங்கிருந்து ஆஸ்திரேலியர்கள் மூன்றையும் ஜெயித்தார்கள். செப்டம்பர் 26 அன்று நடந்த கடைசிப் பந்தயத்திலும் கானர்தான் வெகுநேரம் முந்தி. ஐந்தாவது கட்டத்தில் பிடித்தார்கள். 41 செகண்டில் வெற்றி. நியூயார்க் கிளப்பில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த கோப்பை 132 வருஷம் கழித்துக் கழன்றது. தோற்ற கேப்டனின் தலையைத்தான் அந்த இடத்தில் வைப்பார்கள் என்று ஒரு கிண்டல் உண்டு. கானர் தலையோடுதான் இருந்தார். 1987-ல் தானே சவால் விடப் போய், லூயி விட்டானில் ஜெயித்து, கோப்பையையும் திரும்ப வாங்கிவந்தார்.

பார்சிலோனா கதையைச் சொல்லவில்லையே. பிரிட்டிஷ்காரர்கள் இத்தாலியை 7-4 என்று தோற்கடித்தார்கள். 1964-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் டிக்கெட். இப்போதைய படகுகள் தண்ணீரைவிட்டு எழும்பிப் பறக்கின்றன, பார்க்கவே வயிறு கலங்கும். அப்புறம் நியூஸிலாந்தோடு மோதல். முதல் நாலும் போச்சு. ஐந்தாவதும் ஆறாவதும் ஜெயித்தார்கள். கடைசியில் 7-2 தோல்வி.

ஸ்கோரை மனைவியிடம் சொன்னேன்.

“ரெண்டு ஜெயிச்சாங்களா? உங்களுக்குப் பரவாயில்ல” என்றாள்.