ரேடியோ சொல்லாத வருஷம்

பழவேற்காட்டுப் பெரியவர்களிடம் எந்தப் புயலில் எந்தப் படகு போனது, எந்தப் பாட்டில், அதாவது ஏரியின் மீன்பிடி இடத்தில், இறால் நிறைய விழுந்தது என்று கேளுங்கள், கடகடவென்று சொல்வார்கள். 1976-ல் நெருக்கடிநிலை இருந்ததே என்றால் யோசிப்பார்கள். “ரேடியோவுல அப்படி ஒண்ணும் சொல்லலியேப்பா” என்றார் வலை பொத்திக்கொண்டிருந்த தாத்தா, ஊசியை நிறுத்தாமலே.

அவர் சொல்வதில் பாதி சரிதான். அறிவிப்பு வந்ததுதான்; ஆனால் நடந்த கொடுமைகளை ரேடியோ சொல்லவில்லை. கடலுக்குப் போகலாமா என்று சொல்லி உயிரைக் காத்த அதே வானொலி, அரசு விரும்பியதை மட்டும்தான் வாசித்தது. அந்த நம்பிக்கையைத்தான் ஆட்சி பயன்படுத்திக்கொண்டது என்பது என் எண்ணம்.

அப்போது சென்னை மத்தியச் சிறையில் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானவர்களுக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். கைதானவர்கள் பெயரை அச்சிடத் தணிக்கை விடாததால், 1976 பிப்ரவரி 3 அன்று, அண்ணா நினைவிடத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று தி.மு.க. நாளேடான முரசொலி பட்டியல் போட்டது. நகரத்துக்குப் புரிந்தது. பத்திரிகை எட்டாத குப்பத்துக்கு?

பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அந்தச் சிறைக்கொடுமைகளை விசாரித்தது. அதன் அறிக்கையை எளிய தமிழில் சுருக்கி, ஏரிக்கரைப் பள்ளிகளில் சத்தமாக வாசிக்க வேண்டும். தாத்தாக்களையும் உட்கார வைத்து.