காகிதச் சுவர்

காகிதத்தில் வீடு கட்டுவது குழந்தைகளின் பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அதையே கல்லூரியில் சேர்ந்து, 5 வருஷம் கண் விழித்துக் கற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கட்டடக்கலை மாணவர்களைத்தான் சொல்கிறேன். அந்தப் படிப்பின் விசேஷம், அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறவர்களுக்குக் காலைத் தரையில் வைத்ததுமே தெரிந்துவிடும். எங்கே பார்த்தாலும் அட்டைத் துண்டு. எதைத் தொட்டாலும் பசை.

என் தங்கை மகள் சென்னையில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். சென்ற பருவத்தில் அவளுக்குக் கொடுத்த வேலை, குழந்தைகளுக்கு ஒரு சிறு நூலகம். தரைத்தளம் மட்டும், 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில் அதன் மாதிரியைச் செய்து காட்ட வேண்டும். அதாவது, நிஜத்தில் 50 சென்டிமீட்டர் என்றால் மாதிரியில் 1 சென்டிமீட்டர். நூலகம் முழுவதையும் காபித் தட்டில் வைத்து எடுத்துப் போய்விடலாம்! சுவருக்காக அவள் வாங்கியிருந்தது ஃபோம் போர்டு. இரண்டு பக்கமும் காகிதம், நடுவே நுரை. கனம் 5 மில்லிமீட்டர். ஐம்பதால் பெருக்கினால் 25 சென்டிமீட்டர். ஏறக்குறைய நம்முடைய ஒன்பது அங்குலச் சுவர்தான்.

இதற்கு முன்பே அதே நூலகத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி முடித்திருந்தாள். ஸ்கெட்ச்அப் என்று ஒரு மென்பொருள். திரையில் கட்டடம் சுழன்றது, கூரை கழன்றது, மரங்கள் முளைத்தன.

“இவ்வளவு நன்றாக வந்த பிறகு அட்டையும் கத்தியும் எதற்கம்மா?” என்று கேட்டேன்.

“அதுல தெரியறது வேற, இதுல தெரியறது வேற மாமா” என்றாள்.

திரையில் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று நாம் நம்புகிறோம். அவளும் அதை நம்பித்தான் படிக்கும் பெஞ்சுகளை வடக்குச் சுவரோரம் போட்டிருந்தாள். ஆனால் சென்னை இருப்பது 13 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். காலையும் மாலையும் வடகிழக்கு, வடமேற்குப் பக்கங்களிலிருந்து சாய்வாக எட்டிப் பார்க்கிறான். ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் கம்ப்யூட்டர் நிழலைப் போட்டுக் காட்டிவிடுகிறது. ஜூன் 21, காலை 8 மணி என்று கொடுத்தாள். பெஞ்சின் மேல் வெயில் விழுந்தது. ஜன்னலின் இரண்டு பக்கமும் சிறகு போலச் சுவரை நீட்டினாள், வெயில் விலகியது. அட்டையை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

அட்டை தன் பங்குக்கு வேறொன்றைச் சொல்லிற்று.

சுவர்களை நிறுத்தி ஒட்டிய பிறகு, அதற்குள் நிறுத்துவதற்குச் சில மனிதர்களை வெட்டினாள். ஸ்கெட்ச்அப்பைத் திறந்தால் அளவுக்காக அதிலும் ஓர் ஆள் நிற்பது வழக்கம். அவர் நன்றாக வளர்ந்த பெரியவர். இவளோ குழந்தைகள் நூலகமாயிற்றே என்று 7 வயதுக் குழந்தையை வெட்டினாள். 120 சென்டிமீட்டர் உயரம். மாதிரியில் 24 மில்லிமீட்டர். அதை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தித் தாடையை மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஜன்னலின் அடி விளிம்பும் 24 மில்லிமீட்டர். கீழே புத்தக அலமாரி வரவேண்டும் என்று 4 அடிக்கு மேலே ஜன்னலைத் தூக்கியிருந்தாள். குழந்தையின் உச்சந்தலையும் ஜன்னலின் அடியும் ஒரே மட்டம். திரையில் மரங்களும் வானமுமாக நாங்கள் ரசித்த அந்தக் காட்சி, யாருக்காக அந்த நூலகமோ அவர்களுக்கு மட்டும் தெரியாது. கம்ப்யூட்டரிலும் குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கிப் பார்க்க வழியுண்டு. ஆனால் அங்கே நாம் பறவையைப் போல் மேலே மிதந்துகொண்டிருப்பதால், இறங்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. மேஜை மேல் இருக்கும் சிறு பொருளோ நம்மைக் குனிய வைக்கிறது.

பேசாமல் கட்டரை எடுத்தாள். “நாளன்னிக்கு ஜூரியை வச்சுக்கிட்டு, இவ்வளவு அழகா பண்ணினதை வெட்டறியே!” என்று என் தங்கை அலறினாள். அவள் கேட்கவில்லை. ஜன்னல் 9 மில்லிமீட்டருக்கு இறங்கியது. அலமாரிகள் எதிர்ச் சுவருக்குப் போயின. மறுபடி கம்ப்யூட்டரில் திருத்தி, மறுபடி வெயில் பார்த்து, சிறகுச் சுவரை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். பொழுது விடிந்துவிட்டது.

அழகாகச் செய்த மாதிரியை வெட்ட மனம் வராதது என் தங்கைக்கு மட்டும் உள்ள பலவீனம் அல்ல. பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றி நூல் எழுதிய இத்தாலியரான ஆல்பர்ட்டி, மாதிரிகள் எளிமையாகவே இருக்க வேண்டும், வர்ணமும் மினுக்கும் கூடாது என்று எச்சரித்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் ரோமாபுரியின் புனித பேதுரு ஆலயத்துக்காக சங்கல்லோ செய்வித்த மர மாதிரியோ ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். 1539 முதல் 1546 வரை செய்தார்கள். 1546-ல் சங்கல்லோ காலமானார். அடுத்துப் பொறுப்பேற்ற மைக்கலாஞ்சலோ அந்தத் திட்டத்தையே ஒதுக்கிவிட்டார். மாதிரி மட்டும் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

ஸ்பெயினில் கௌடி இதற்கு நேர்மாறு. பார்சலோனாவுக்கு அருகில் ஒரு தேவாலயத்துக்காகக் கயிறுகளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிறைந்த சிறு பைகளைக் கட்டி, 1898-லிருந்து சுமார் 10 வருஷம் ஆராய்ந்தார். கயிறு தானாகத் தொங்கும் வளைவைத் தலைகீழாக்கினால் கல் தாங்கி நிற்கும் வளைவு. பார்ப்பதற்கு மீன் வலை உலர்த்தியது போலிருக்கும் அந்த மாதிரிதான் அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. 1997-ல் திறந்த பில்பாவோ கலைக்கூடத்தையும் ஃபிராங்க் கெரி கையால் செய்த மாதிரிகளில்தான் உருவாக்கினார். பிறகே அதன் வளைவுகளை அளந்து, விமானம் வடிவமைக்கும் மென்பொருளில் ஏற்றினார்கள். கைக்கும் கம்ப்யூட்டருக்கும் சண்டை மூட்டி வேடிக்கை பார்ப்பது நம்மைப் போன்றவர்கள்தான் போலும்.

மருமகள் தன் மாதிரியை ஒட்டுப் போட்ட வடுவோடுதான் எடுத்துப் போனாள். ஜன்னலைப் பாராட்டினார்களாம், வேலைப்பாட்டில் சுத்தம் போதாது என்று மதிப்பெண்ணைக் குறைத்தும் விட்டார்களாம். அவளுக்கு வருத்தம்தான்; இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எனக்கு அதன் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அந்த 24 மில்லிமீட்டர் குழந்தையின் நினைவு வருகிறது. தலையை நுழைத்துக் கெஞ்ச வேண்டிய டிக்கெட் ஜன்னல்கள். முழங்கால் வலிக்காரர் ஏற முடியாத மருத்துவமனைப் படிகள். இவற்றை வரைந்தவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. மேலேயிருந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓர் அட்டை மனிதரை வெட்டி அந்த ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்திருந்தால், அன்றைக்கு வீணாகியிருக்கக் கூடியது அரையடி அட்டை. அதை மிச்சம் பிடித்தார்கள். வரிசையில் நிற்கும் நாம் தினமும் குனிந்துகொண்டிருக்கிறோம்.