எஃப்-19: இல்லாத விமானத்தை ஒட்டினோம்

பெட்டியின் மூடியில் கறுப்பு நிறத்தில் ஒரு போர் விமானம். பக்கத்தில் எஃப்-19 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். தயாரிப்பு டெஸ்டர் நிறுவனம், ஆண்டு 1986, அளவு 48இல் ஒரு பங்கு. அமெரிக்க விமானப்படையிடம் எஃப்-19 என்ற பெயரில் ஒரு விமானம் இருந்ததே இல்லை. அந்தப் பெட்டியை இன்று பிரிக்கப்போகிறோம்.

ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்துப் புறப்பகுதியில், ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் எஃகு அச்சுகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க விமானப் பெட்டிகள், பெரும்பாலும் கடைக்காரர் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல். பழைய கிட் வாங்குகிறவர்களில் பெட்டியைப் பிரிக்கவே மாட்டேன் என்கிறவர்கள் உண்டு, பிரித்து ஒட்டாவிட்டால் எதற்கு வாங்கினோம் என்று கேட்கிறவர்களும் உண்டு. இவர் தன்னை இரண்டாவது கூட்டத்தில் சேர்த்துச் சொல்கிறார். அலமாரி வேறு மாதிரி சொல்கிறது.

கத்தியால் உறையைக் கீறினார். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள், கண்ணாடி போன்ற தெளிவான மூடித்துண்டு, மடித்த செய்முறைத் தாள், நீரில் நனைத்து ஒட்டும் முத்திரைகள் கொண்ட டிகால் தாள். முதல் வேலை பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புநீரில் ஊறப்போடுவது. உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தும் முன், இறுகியதும் பாகம் சுலபமாகக் கழன்று வர அச்சில் எண்ணெய் தடவுவார்கள். அந்த எண்ணெய் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மேற்பரப்பில் இருக்கும். கழுவாமல் பெயின்ட் அடித்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும்.

கழுவிய சட்டத்தை விளக்குக்கு நேரே பிடித்து ஓரங்களைத் தடவிப் பார்க்கிறார். அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் மெல்லிய பிசிறு நீண்டிருக்கிறது. "அச்சு புதிதாக இருக்கும்போது பிசிறு வராது. ஓடி ஓடித் தேய்ந்த பிறகுதான் வரும். இந்தப் பெட்டி முதல் ஈட்டில் வந்ததல்ல" என்றார். பிறகு வெகுநேரம் பிசிறு தட்டுவதிலேயே போயிற்று. கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுவது, பிறகு உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பது. மாதிரி விமானம் ஒட்டுகிறவர்களின் வேலையில் முக்கால் பங்கு இதுதான், பசை கடைசியில்தான் வருகிறது என்பது பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியாது.

இந்த விமானம் ஏன் 19? 1962இல் அமெரிக்க ராணுவத்தின் எல்லாப் பிரிவுகளுக்கும் விமானப் பெயர்களை ஒரே வரிசையில் கொண்டுவந்தார்கள். எஃப்-14, எஃப்-15, எஃப்-16 என்று போய், கடற்படைக்கு எஃப்-18 வந்தது. அடுத்துத் தன் விமானத்துக்கு நார்த்ராப் நிறுவனம் எஃப்-20 என்ற எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டது. நடுவில் 19 காலியாக நின்றது. ரேடாருக்குத் தெரியாத ஒரு விமானத்தை லாக்ஹீட் நிறுவனம் நெவாடா பாலைவனத்தில் ஓட்டிப் பார்க்கிறது என்ற வதந்தி அப்போது ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்தது. வதந்தியை எடுத்துக் காலி எண்ணில் வைத்தார்கள், அச்சாகப் பொருந்தியது. 1986இல் வந்த டாம் கிளான்சியின் 'ரெட் ஸ்டார்ம் ரைசிங்' நாவலில் எஃப்-19 பறந்தது. 1988இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் அதே பெயரில் கணினி விளையாட்டு விற்றது. உண்மையான விமானத்துக்கோ வரிசைக்கே சம்பந்தமில்லாத ஓர் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார்கள்: எஃப்-117.

டெஸ்டரில் இந்தக் கிட்டை வடிவமைத்தவர் ஜான் ஆண்ட்ரூஸ். அவர் கையில் படம் இல்லை, அளவு இல்லை. இருந்தது பகுத்தறிவும், லாக்ஹீட்டின் பழைய விமானங்களைப் பற்றிய அறிவும். உடலின் மேல் அரையையும் கீழ் அரையையும் பசையில்லாமல் சேர்த்துப் பிடித்துப் பார்த்தபோது அவர் யோசித்த வழி எனக்கு ஓரளவு புரிந்தது. திருக்கை மீனின் முதுகு போலத் தட்டையாக, எங்கும் வளைந்து ஓடும் உடல். கூர்மையான ஒரு மூலைகூடக் கிடையாது. வால் பகுதியில் இரண்டு செங்குத்துத் துடுப்புகள், இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்தவை. இந்தச் சாய்வு லாக்ஹீட்டின் எஸ்.ஆர்-71 வேவு விமானத்தில் உள்ளது. முன்பு செய்ததையே இன்னும் கொஞ்சம் இழுத்துச் செய்திருப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நியாயமான கணக்குதான்.

பசை எடுக்கும் நேரம் வந்தது. பெரியவர் இப்போது பயன்படுத்துவது தண்ணீராக ஓடும் திரவம். மெல்லிய தூரிகையில் தொட்டு இணைப்புக் கோட்டில் வைத்தால் உள்ளே தானாக ஓடிப் பரவுகிறது. இது ஒட்டுவதில்லை, இரண்டு ஓரத்தையும் உருக்கி ஒன்றாக்குகிறது. காய்ந்த பிறகு பிரிக்க நினைத்தால் பிளாஸ்டிக்தான் உடையும். அவர் சிறுவனாக இருந்தபோது டியூப் பசைதான். பிள்ளைகள் அதை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்கிறார்கள் என்று 1960களில் அமெரிக்காவில் பெரிய கூச்சல் எழுந்தது. அதனால் டெஸ்டர் நிறுவனம் 1969இல் தன் பசையில் கடுகின் காரத்தைத் தரும் எண்ணெயைக் கலந்துவிட்டது. முகர்ந்தால் மூக்கு எரியும், கண்ணில் நீர் கொட்டும். சட்டம் போட்டு மிரட்டுவதைவிட இது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

மூன்று சக்கர அமைப்பு உள்ள மாதிரி விமானங்களில் மூக்கு இலேசாக இருந்தால் முடித்த பிறகு வாலில் குந்திக்கொள்ளும். பாதிகளை டேப்பால் கட்டி, சக்கரம் வரும் இடத்தில் விரலை வைத்துச் சாய்த்துப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தூண்டில் ஈயக் குண்டுகள் சிலவற்றை மூக்குக்குள் பதித்தார். காக்பிட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருக்கை, பலகை, கைப்பிடி. இல்லாத விமானத்தின் கருவிப் பலகையைக் குறை சொல்ல யார் இருக்கிறார்கள்?

உடலை மூடிக் கிளிப் மாட்டிக் காயவிட்டபோது அவர் 1986ஐப் பற்றிப் பேசினார். அந்த ஜூலை 11ஆம் தேதி கலிஃபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அருகே மலைக்காட்டில் ஒரு விமானம் விழுந்தது. மேஜர் ராஸ் மல்ஹேர் இறந்தார். எந்த விமானம் என்று விமானப்படை சொல்லவில்லை. இடத்தைச் சுற்றி ஆயுதம் ஏந்திய காவல், வானத்திலும் தடை. அதே 1986இல் இந்தப் பெட்டி கடைகளில் அடுக்கடுக்காக விற்றது. லாக்ஹீட்டில் ரகசிய ஆவணங்கள் காணாமல் போனது பற்றி நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது இந்தப் பொம்மையும் பேச்சில் அடிபட்டது. உறுப்பினர்களான எங்களுக்கே காட்டாத விமானம் பொம்மைக் கடையில் எப்படிக் கிடைக்கிறது என்பது கேள்வி. ரகசியம் கசிந்துவிட்டதாகவே நம்பினார்கள். இதைவிட நல்ல விளம்பரத்தை எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்க முடியாது.

பசை முழுக்க இறுகட்டும் என்று மறுநாள் காலை ரைட்-பேட்டர்சன் தளத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பனிப்போர் அரங்கில் எஃப்-117 நிற்கிறது. தயாரித்தவற்றில் இரண்டாவது. சோதனைகளுக்காகவே பறந்து ஓய்வு பெற்றது. நேற்று முழுக்க வளைவுகளைத் தேய்த்த விரலோடு இதன் முன் நிற்பது விசித்திரமாக இருந்தது. இதில் வளைவே இல்லை. தட்டையான பலகைகளைக் கோணம் கோணமாகச் சேர்த்திருக்கிறார்கள். வால் துடுப்புகள் உள்நோக்கிச் சாயவில்லை, இரண்டு பக்கமும் வெளியே விரிந்திருக்கின்றன. காற்று நுழையும் வாயில் கம்பி வலை. ரேடார் அலை எந்தப் பலகையில் பட்டாலும் வந்த திசைக்குத் திரும்பாமல் வேறெங்கோ போக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

தட்டைப் பலகைகள்தான் சிறந்தவை என்பதால் இப்படிச் செய்யவில்லை. 1970களின் நடுவில் லாக்ஹீட் வைத்திருந்த கணினியால் தட்டையான பரப்புகளுக்குத்தான் ரேடார் எதிரொலியைக் கணக்குப் போட முடிந்தது. கணக்குப் போட முடிந்ததைக் கட்டினார்கள். முதலில் வந்த வடிவத்தை அங்கிருந்த பொறியாளர்களே 'நம்பிக்கையில்லாத வைரம்' என்று கேலி செய்தார்கள். கணினி ஒவ்வொரு நொடியும் திருத்திக்கொண்டே இருந்தால்தான் இந்த விமானம் வானத்தில் நிற்கும். 1981 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது. 1983இல் படைக்கு வந்துவிட்டது. டெஸ்டர் பெட்டி வந்தபோது உண்மை விமானம் இரவுகளில் பறந்துகொண்டுதான் இருந்தது. 1988 நவம்பர் 10 அன்றுதான், மங்கலான ஒரே ஒரு புகைப்படத்தோடு, ஆமாம் இருக்கிறது என்று பென்டகன் ஒப்புக்கொண்டது.

அதே அரங்கில் எஸ்.ஆர்-71ம் இருக்கிறது, பி-2 குண்டுவீச்சு விமானமும் இருக்கிறது. பி-2வின் அடியில் போய் நின்றேன். மூலையே இல்லாமல் வழுவழுவென்று ஓடும் பரப்பு. இதை வடிவமைத்த காலத்தில் கணினிகள் வளைவுகளையும் கணக்கிடக் கற்றிருந்தன. ஆண்ட்ரூஸ் நினைத்த வளைவுகள் முட்டாள்தனமல்ல, எஃப்-117க்குத்தான் அவை பொருந்தவில்லை. பெரியவரிடம் சொன்னேன். தலையசைத்தார், வேறெதுவும் சொல்லவில்லை. அவர் பி-2வின் பலகை இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பட்டி பார்த்திருக்கிறார்களா என்று.

மாலையில் பேஸ்மெண்டுக்குத் திரும்பியதும் நானே கேட்டேன். துடுப்புகளை வெளியே சாய்த்து ஒட்டினால் கொஞ்சமாவது உண்மைக்குப் பக்கத்தில் வருமே? அவருக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. "அப்படி வேண்டுமென்றால் எஃப்-117 கிட் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதைத் திருத்தினால் இது எதுவுமே இல்லாமல் போய்விடும்." அவர் சொன்னதுதான் சரி. வெளியில் இருந்த ஒரு புத்திசாலி 1986இல் என்ன அறிய முடிந்தது, எதை அறிய முடியவில்லை என்பதை இந்த அச்சு அப்படியே வைத்திருக்கிறது. தவறுகள் உட்பட ஒட்டினால்தான் அது தெரியும். துடுப்புகள் செய்முறைத் தாளில் உள்ளபடியே உள்நோக்கிச் சாய்ந்தன.

கறுப்பு பிளாஸ்டிக்கில் இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது. அதனால் மேலே சாம்பல் நிற அடிப்பூச்சு தூவினார். உடனே மூக்கின் கீழ் ஒரு பள்ளம் எழுந்து வந்தது. பட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி தூவினோம். மேல் பூச்சுக்குத் தூய கறுப்பை அவர் எடுக்கவில்லை, கறுப்புக்கு மிக நெருங்கிய சாம்பல். இவ்வளவு சிறிய பொருளில் தூய கறுப்பு அடித்தால் வடிவமே தெரியாமல் ஒரு நிழலாகிவிடும் என்றார்.

டிகால் தாள் பழுப்பேறியிருந்தது. வாரக்கணக்கில் வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டி வைத்தால் வெளுத்துவிடும் என்றார். ஆனாலும் பழைய டிகால் தண்ணீரில் நூறு துண்டாகச் சிதறும். மேலே ஒரு மெல்லிய வார்னிஷ் படலம் தடவி, காய்ந்ததும் ஒவ்வொன்றாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் போட்டு, இடுக்கியால் தூக்கி வைத்தார். நட்சத்திர முத்திரைகள் பிழைத்தன. பொடி எழுத்துகளில் சில போய்விட்டன.

முடித்ததும் அலமாரியிலிருந்து இன்னொரு டெஸ்டர் பெட்டியை எடுத்து வைத்தார். 1987. மிக்-37. சோவியத் யூனியனின் ரேடாருக்குத் தெரியாத விமானம் எப்படி இருக்கும் என்று அதே நிறுவனம் செய்த கற்பனை. இப்படி ஒரு மிக் விமானமும் இருந்ததில்லை. மூடியைத் திறந்து பாகங்களைப் பார்த்தபோது காலையில் அருங்காட்சியகத்தில் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. தட்டைப் பலகைகள், கோணங்கள், வெளியே விரிந்த வால். பென்டகன் தன் விமானத்தைக் காட்டுவதற்கு முந்தைய ஆண்டில், எதிரியின் பெயரில், ஏறக்குறைய அதன் வடிவமே கடைக்கு வந்துவிட்டது.

சோவியத் விமானத்துக்கு இந்த வடிவம் கொடுத்தது அவ்வளவு அபத்தமுமில்லை. ஓரங்களில் பட்ட அலை எப்படிச் சிதறும் என்ற கணக்கை 1962இல் மாஸ்கோவில் வெளியிட்டவர் பியோத்ர் உஃபிம்ட்செவ் என்ற இயற்பியலாளர். லாக்ஹீட்டின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்துத்தான் தன் நிரலுக்கு வழி கண்டார். சோவியத் தரப்பு அந்த நூலை ரகசியமாகக்கூடக் கருதவில்லை. 1971இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது அமெரிக்க விமானப்படையின் வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பிரிவு. அதன் அலுவலகம் ரைட்-பேட்டர்சனில், காலையில் நாங்கள் வண்டி நிறுத்திய அதே தளத்தில் இருந்தது.

பெரியவர் மிக்-37இன் சட்டங்களை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. சோப்புநீர் வைக்கப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.