வேப்பமரத்தில் நான் அடித்த ஆணி



ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் போட விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வாசல் வேப்பமரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சாயங்கால வகுப்பு அதன் அடியில்தான் நடக்கும். என் அப்பா 1960 வாக்கில் நட்டது. என் வயதுதான் அதற்கும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது கடலூர், பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் வேம்பு இரண்டு கிளையோடு தப்பித்துக்கொண்டது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. காற்றைவிட மழைதான் பெரிசு. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் எப்படித் தப்பும்? மண் சேறாகி, வேர் பிடி விட்டு, விடியற்காலையில் மரம் தெருப்பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஒரு ஓடுகூட உடையவில்லை. விழும்போதும் பார்த்து விழுந்த மரம்.

விறகு வியாபாரி வந்து பார்த்தார். நாலாயிரம் தருகிறேன், அப்புறப்படுத்தும் செலவு என்னுடையது என்றார். அடிமரம் ஆறடிச் சுற்றளவு, ஒன்பதடி நீளம், உள்ளே முழுக்க வைரம். செங்கல் சூளைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. திண்டிவனத்தில் மர அறுவை மில்லுக்குக் கொண்டுபோக கிரேன், லாரி, அறுப்புக்கூலி என்று விசாரித்தால் பலகை விலைக்கு மேல் போகும்போல் இருந்தது.

அப்போதுதான், மரத்தை மில்லுக்குக் கொண்டுபோவதற்குப் பதில் மில்லை மரத்துக்குக் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. பேரன் யூடியூபில் காட்டினான். அமெரிக்காவில் 1980களிலிருந்தே இப்படி இழுத்துப்போகும் பட்டை ரம்பங்களைக் கம்பெனிகளே செய்து விற்கின்றன. தாங்களே செய்துகொள்பவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

விஷயம் சிக்கலானது இல்லை. இரண்டு சக்கரம். அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய ரம்பப் பட்டை. ஒரு சக்கரத்தை இன்ஜின் சுற்றும். இது முழுவதும் ஒரு சட்டத்தில் உட்கார்ந்து, தண்டவாளம் மாதிரி இரண்டு ஆங்கிள் இரும்பின் மேல் உருளும். மரம் அசையாது, ரம்பம்தான் நகரும். வட்ட ரம்பம் போகிற வழியில் கால் அங்குலம் அளவுக்கு மரத்தைத் தூளாக்கிவிடும். பட்டை ரம்பம் அதில் பாதிகூடத் தின்னாது.

சின்ன வயதில் நான் பார்த்ததெல்லாம் குழி அறுப்புதான். மரத்தைக் குழிக்கு மேல் கிடத்தி, கரியில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, ஒருவர் மேலே நின்று இழுப்பார், ஒருவர் குழிக்குள் நின்று இழுப்பார். கீழே நிற்பவருக்குத் தலையெல்லாம் தூள். கூலி மட்டும் இரண்டு பேருக்கும் சமம்.

சரி, யார் செய்வது? எனக்குத் தெரிந்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். பற்றவைக்கத் தெரியாது. திண்டிவனம் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பழைய மாணவனிடம் போனேன். 1996இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். நான் நோட்டில் வரைந்து கொண்டுபோன படத்தை இரண்டு நிமிடம் பார்த்தான். "செய்யலாம் சார். ஆனா மூடி இல்லாம செய்ய மாட்டேன்" என்றான். ரம்பம் ஓடுகிற இடமெல்லாம் தகடு போட்டு மூடவேண்டுமாம். வீண் செலவு என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

விழுப்புரம் காயலான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து பழைய மாருதி 800 சக்கரம் இரண்டு வாங்கினோம். டயரோடு 20 அங்குல விட்டம். டயர் மேலேயே ரம்பப் பட்டை ஓடும். ரப்பர் இருப்பதால் பல் மழுங்காது. கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டலாமே என்று மைத்துனர் யோசனை சொன்னார். விவசாயத்துக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தில் மரம் அறுப்பது தப்பு. அதனால் பெட்ரோலில் ஓடும் ஆறரைக் குதிரைத்திறன் பழைய இன்ஜின் ஒன்று வாங்கினோம்.

இனி கணக்கு. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் நகரும். ரம்பம் நொடிக்கு 20 மீட்டர் ஓடவேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 750 சுற்று. இன்ஜின் 3,000 சுற்று. ஆகவே இன்ஜினில் 3 அங்குலப் புல்லி, சக்கரத்தில் 12 அங்குலப் புல்லி. இதைப் போட எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. ரம்பப் பட்டை எவ்வளவு நீளம் வேண்டும் என்று பை, விட்டம், இரு மடங்கு தூரம் என்று சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு சணல் கயிறை எடுத்து இரண்டு சக்கரத்தையும் சுற்றி, முடிச்சுப் போட்டு, டேப்பில் அளந்தான். "பதிமூணு அடி சார்." என் சூத்திரமும் அதையேதான் சொன்னது, பத்து நிமிடம் கழித்து.

ஏற்றி இறக்க நாலு மூலையிலும் மரை போட்ட கம்பி. நாலும் ஒரே அளவு சுற்றுவதற்கு சைக்கிள் செயின். ரம்பம் சூடேறாமல் இருக்கச் சோப்புத் தண்ணீர் சொட்டவேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி ட்ரிப்ஸ் பாட்டிலும் குழாயும். என் துணைவியார் பார்த்துவிட்டு, "மரத்துக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களா?" என்றார். மொத்தச் செலவு நாற்பத்தாறாயிரம். அந்தக் காசுக்குக் கடையில் தேக்குப் பலகையே வாங்கியிருக்கலாம் என்றும் அவர்தான் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கும் சரிதான்.

2025 மே மாதம், காலை ஏழு மணி. முதல் ஓட்டம். இன்ஜின் பிடித்ததும் பட்டை சக்கரத்தை விட்டுப் பின்பக்கமாக வழுக்கி இறங்கியது. மறுபடி மாட்டினோம். மறுபடி இறங்கியது. இரண்டு சக்கரமும் ஒரே தளத்தில் இல்லை என்று கண்டுபிடித்தவன் அவன். ஒரு போல்ட்டின் அடியில் வாஷர் ஒன்றைக் கொடுத்துச் சக்கரத்தை நூலளவு சாய்த்தான். பட்டை நடுவில் வந்து நின்றுவிட்டது. தம்புராத் தந்தியைச் சுண்டுவது மாதிரி பட்டையைச் சுண்டிப் பார்த்து இறுக்கினான்.

முதல் அறுப்பு, மேல்பட்டை. பத்து நிமிடம். ஆர்வத்தில் நான் வேகமாகத் தள்ளியதால் பலகையில் அலை விழுந்தது. "மெதுவா சார், அது தின்னுற வேகத்துக்குத்தான் ஊட்டணும்" என்றான். இரண்டாவது அறுப்பு கண்ணாடி மாதிரி வந்தது. வேம்பின் கசப்பு வாசனை தெருக்கோடி வரை போயிற்று. சிவந்த வைரத்தைச் சுற்றி வெளிர் நிறம். வைரம் உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்று தொல்காப்பியம் பிரிப்பதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பனை புல், வேம்பு மரம். அறுத்துப் பார்க்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்றாவது அறுப்பில் மூன்றடி போயிருக்கும். "டங்" என்று ஒரு சத்தம். நெருப்புப் பொறி. அடுத்த நொடி பட்டை அறுந்து மூடிக்குள் சாட்டை மாதிரி அடித்து நின்றது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய பட்டை அது. தகட்டில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. மூடிக்கு இந்தப் பக்கம், அதே உயரத்தில் என் வயிறு. வீண் செலவு என்று நினைத்தேனே, அந்த மூடி.

ஸ்பீக்கர் காந்தம் வைத்து மரம் முழுக்கத் தடவித்தான் பார்த்திருந்தோம். அகப்படவில்லை. உளியால் கொத்திப் பார்த்தால் உள்ளே ஆறங்குல ஆணி. சுற்றிலும் கறுப்பாகக் கறை. யார் அடித்திருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் யோசிக்கவே இல்லை.

"இது உங்க பெரம்பு மாட்டுற ஆணி சார்."

எனக்கு நினைவு வந்தது. 1989இல் நானே அடித்தேன். பிள்ளைகள் எல்லோர் கண்ணிலும் படும்படி பிரம்பு தொங்கவேண்டும் என்று. கல்வி உரிமைச் சட்டம் வந்து, அதன் 17ஆம் பிரிவு அடிப்பதைத் தடை செய்த பிறகுதான் பிரம்பை எடுத்து வைத்தேன். மனம் மாறி எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல, சட்டத்துக்குப் பயந்து எடுத்தேன். அதன்பின் ஆணியை நான் மறந்துவிட்டேன். மரம் கொஞ்சம் கொஞ்சமாக அதை விழுங்கிவிட்டது.

"நான் உன்னை ரொம்ப அடிச்சேனாப்பா?" என்று கேட்டேன்.

"பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு அடிச்சீங்க சார். அதெல்லாம் மறந்துபோச்சு." கொஞ்ச நேரம் ஆணியை உருட்டிக்கொண்டே இருந்தான். "எங்கப்பாகிட்ட சொன்னீங்களே, இவனுக்குக் கணக்கு வராது, ஏதாவது தொழிலுக்கு விடுங்கன்னு. அதான் சார் மறக்கல."

அவன் எட்டாவதோடு நின்றவன். அதை நான் சொன்னேன் என்பதே எனக்கு நினைவில்லை. சணல் கயிற்றில் சுற்றளவு கண்டுபிடித்தவனை, வாஷர் கனத்தில் கோணம் பிடித்தவனை, கணக்கு வராதவன் என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என்னை நம்பினார். வாத்தியார் சொன்னால் நம்புகிற காலம்.

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் பதறிப்போய், "ஐயோ, விடுங்க சார், வேற பட்டை மாட்டலாம்" என்று எழுந்துவிட்டான். அதற்குமேல் பேச விடவில்லை. ஆணி இருந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதுப் பட்டை மாட்டி, சாயங்காலத்துக்குள் பதினோரு பலகை அறுத்தோம். இதை எழுதலாமா என்று போன வாரம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க சார்" என்றான்.

பலகைகள் இப்போது கொட்டகை நிழலில், இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கிக் காய்கின்றன. முனை வெடிக்காமலிருக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். ஒன்றரை அங்குலப் பலகை அவசரப்பட்டால் முறுக்கிக்கொள்ளும். அடுத்த வருடம் ஊர் நூலகத்துக்கு மூன்று பெஞ்சு செய்யப்போகிறோம்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மரத்தையும் அறுத்துக் கொடுங்கள் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கூலிக்கு அறுத்தால் அது மர அறுவை ஆலை. அதற்கு வனத்துறை உரிமம் வேண்டும். கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு கட்டுப்பாடு இறுகிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்களே செய்வதாக இருந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டாவது, மூடி போடுங்கள்.

கறை படிந்த அந்த ஒரு பலகையை மட்டும் நூலகத்துக்குக் கொடுக்கவில்லை. எங்கள் திண்ணையில் போடப்போகிறேன். இதைப் படிக்கும் உங்களில் என்னிடம் அடி வாங்கியவர்கள் இருப்பீர்கள். உங்களைப் பற்றி உங்கள் அம்மா அப்பாவிடம் நான் ஏதாவது சொல்லி, அது உங்களுக்கு மட்டும் நினைவிருக்கலாம். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அந்தப் பலகையில் உட்கார்ந்து சொல்லுங்கள். இந்தத் தடவை நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்