அசைய மறுத்த நட்டுகள்

வானொலிக் கோபுரத்தைக் காண்போர் அதன் உச்சியையே அண்ணாந்து பார்ப்பர். என் கண்கள் முதலிற் செல்வது அதன் மூட்டுகளிலுள்ள நட்டுகளிடத்தே. இரசாயனம் படிப்பிக்கும் தொழிலால் வந்த பழக்கம் என்று வீட்டிற் சொல்வார்கள். உண்மையில் அது அச்சத்தால் வந்த பழக்கம்.

என் நண்பர் ஒருவர் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். பருத்தித்துறைக் கடலுக்கு அண்மையில், தம் வளவினுள் அறுபதடிக் கோபுரமொன்றை நிறுத்தி, மூன்று திசைகளில் வடங்களால் இழுத்துக் கட்டியிருக்கிறார். இஃது வீண் பொழுதுபோக்கு என்பார், 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தித் தொடர்பை ஏற்படுத்தியவர்கள் இத்தகைய வானொலிக்காரர்கள் என்பதை நினைத்தல் நன்று.

ஆறு வருடங்கள் கழிந்தபின் ஏரியலைக் கீழிறக்க வேண்டி வந்தது. மேலே ஏறிய இளைஞர் ஒரு கையாற் கோபுரத்தைப் பற்றிக்கொண்டு மறு கையால் ஸ்பானரை வலித்தார். நட்டு அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் வலித்தார், ஸ்பானர் வழுக்கிற்று. அவருடல் வெளியே வீசுண்டு இடுப்புப் பட்டியில் தொங்கியது. கீழே நின்ற எங்களுக்கு நா எழவில்லை. பின்னர் இரும்பறுக்கும் வாளால் நான்கு போல்டுகளையும் அறுத்தெடுப்பதற்குள் முற்பகல் முழுவதும் போயிற்று.

விந்தை என்னவெனில், அறுத்தவற்றுள் இரண்டிற் துருவே இல்லை. அவை துருவேறா உருக்காலானவை. அவ்வுருக்கைக் காப்பது அதன் மேலுள்ள குரோமிய ஒட்சைட்டின் மெல்லிய படலம். ஒரே உலோகத்தாலான நட்டையும் போல்டையும் விரைந்து இறுக்குகையில் அப்படலம் உரிந்து, வெற்றுலோகமும் வெற்றுலோகமும் ஒட்டிப் போகின்றன. விலை கூடியதை வாங்கினேனே என்று நண்பர் வருந்தினார். விலை என்ன செய்யும்? புரிகளிற் சிறிது நிக்கற் பசையைப் பூசி மெல்லச் சுழற்றியிருந்தாற் போதும்.

மற்றை இரண்டும் சாதாரண இரும்பு. துரு, தான் தின்ற இரும்பிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், புரிகளுக்கிடையே ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிட்டது.

இவற்றினும் நுட்பமான பகை வேறொன்றுண்டு. 1761 இல் ஆங்கிலக் கடற்படையினர் 'அலார்ம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு வேய்ந்தனர். இரண்டு வருடங்களில் தகட்டைத் தொட்ட இரும்பாணிகள் அரிக்கப்பட்டுப் போயின. தகடு சுற்றி வந்த பழுப்புக் கடதாசி இடையிற் கிடந்த இடங்களிலோ ஆணிகள் நலமாயிருந்தன! உவர்நீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டு நிற்பின் ஒன்று மற்றொன்றுக்குப் பலியாகும். இடையே ஒரு கடதாசி, உயிர் தப்பிவிடும். நம் கோபுரங்களிலும் இதே கதைதான். நாகமுலாம் பூசிய காலில் இடிதாங்கியின் செப்புக் கம்பியை நேரே கட்டுகிறார்கள். ஈரம் பட்டதும் நாகம் கரையத் தொடங்குகிறது. கம்பிக்கு வெள்ளீயம் பூசினால், அல்லது இடையே துருவேறா உருக்குத் தகடொன்றை வைத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். அலுமினியக் குழாய்களுக்குக் காரீயப் பென்சிற் தூள் நல்லதென்று கூறுவோர் சொல்லை நம்பலாகாது. பென்சிலிலுள்ளது கிறபைற்று, அஃது அலுமினியத்தை அரிப்பிக்கும்.

இப்பொழுது நண்பர் புரட்டாதியில், வாடைக்காற்றுக்கு முன்னர், உச்சிப் பிணைப்புகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி, பசையிட்டு மீண்டும் இறுக்குவிக்கிறார். திகதியை அப்பியாசப் புத்தகமொன்றிற் குறிக்கிறார். வடங்களை இறுக்கும் திருகுகளை மட்டும் அவ்வாறு தளர்த்துவதில்லை, கோபுரமே சாய்ந்துவிடும். அவற்றுக்குக் கிறீஸ் பூசி, தாமே சுழலாதபடி கம்பியொன்றைக் கோத்து முறுக்கி விடுகிறார்.