பரங்கிப்பேட்டை: எஃகு விலையைக் குறைத்தவர் தோற்றுப்போன ஊர்!

பிச்சாவரத்துக்குப் படகு சவாரி போகிறவர்களில் பலர், பக்கத்திலிருக்கும் பரங்கிப்பேட்டையை எட்டிப் பார்ப்பதில்லை. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், மீன்பிடிப் படகுகள், பழைய தெருக்கள் என அமைதியான ஊர். இங்கேதான் 1830-களில் இந்தியாவின் ஆரம்பகால நவீன இரும்பு ஆலைகளில் ஒன்று இயங்கியது என்றால் நம்புவீர்களா?

அதைத் தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். சேலத்து இரும்புத் தாதுவின் தரத்தைப் பார்த்து வேலையை விட்டுவிட்டு ஆலையில் இறங்கினார். தாது காவிரி வழியாகப் பரிசல்களில் வந்தது. உருக்கிய இரும்பைக் கப்பலில் ஏற்றக் கடல் பக்கத்திலேயே இருந்தது. கணக்கு சரிதானே?

இடித்தது அடுப்புக்கரி. உலைக்குத் தீனி போட மரங்களை வெட்ட வெட்ட, காடு தூரமாகிக்கொண்டே போனது. கரி வந்து சேரும் செலவு ஏறியது. கம்பெனி கொடுத்த கடனும் ஆலையைக் காப்பாற்றவில்லை. 1860-களில் உலை அடங்கியது.

ஆனால், ஹீத் இங்கே சும்மா இருக்கவில்லை. நம்மூர்க் கொல்லர்கள் மண்குப்பியில் இரும்போடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து மூடி, எஃகு காய்ச்சும் முறையைக் கவனித்து எழுதி வைத்தார். பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்குப் போனவர், 1839-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்ப்பதுதான் விஷயம். அது உலோகத்திலுள்ள ஆக்சிஜனையும் கந்தகத்தின் கெடுதலையும் கட்டுப்படுத்தும். அதனால் விலை குறைந்த இரும்பிலிருந்தே, அடித்தால் உடையாத, பற்றவைத்தால் ஒட்டும் எஃகு கிடைத்தது. ஷெஃபீல்டில் எஃகு விலை சரிந்தது.

லாபம் அவருக்கு வந்ததா? இல்லை. அவருடைய ஏஜென்ட்டே செய்முறையைச் சற்று மாற்றி, மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாகக் குப்பியில் போட்டால் போதும் என்று காட்டிவிட்டார். 'இது காப்புரிமையில் இல்லையே' என்று மற்றவர்கள் பணம் தராமலே பயன்படுத்தினார்கள். வழக்கு போட்டே நொடித்துப்போன ஹீத் 1851-ல் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபையின் இறுதித் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது.

இன்று மாங்கனீசு இல்லாத எஃகைப் பார்ப்பதே அரிது. போடி பக்கம் சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர் கையிலிருக்கும் கத்தியிலும், உங்கள் வீட்டு அரிவாள்மனையிலும் அது இருக்கும்.

பரங்கிப்பேட்டையில் பெரிய நினைவுச் சின்னம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மாலை வெயில் தாழ்ந்ததும் முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். சேலத்து மண் இரும்பாகிக் கப்பலேறியது இந்தக் கரையில்தான்.