மட்டாஞ்சேரியில் கேட்ட முயலின் கதை

கொச்சிக்கு வரும் நம் தமிழன்பர்களில் பலர் மட்டாஞ்சேரியில் இரண்டு இடங்களைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். ஒன்று, போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனை. மற்றொன்று, 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் தொழுகைக் கூடம். இன்னும் சிறிது தூரம் நடப்போர் குஜராத்தி வீதியை அடைவர். ஏலம், மிளகு, சுக்கு ஆகியவற்றின் மணம் கமழ்ந்த வாணிகத்தை நாடிக் கடல் கடந்து வந்து, தலைமுறை தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட குஜராத்தி மக்களின் வீதி அது. பிழைப்பை நாடிப் பிற நாடு புகுந்த நமக்கு அவர்கள் வாழ்வு அந்நியமன்று. அருகே கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்னுமிடத்தில், டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்களும் இன்றளவும் சலவைத் தொழில் நடத்தி வருகின்றன.

குஜராத்தி வீதியில் தருமநாதர் சமணக் கோயில் உள்ளது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இக்கோயிலில், நண்பகல் வேளையில் புறாக்களுக்குத் தானியம் இடுவது வழக்கம். அவ்வேளையில் புறாக்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் காட்சியைக் காண அயலாரும் கூடுகின்றனர்.

உயிர்களிடத்து அன்பு காட்டுவதைச் சமணர் சொல்லளவில் நிறுத்தவில்லை. நோயுற்ற, முதுமையுற்ற விலங்குகளைக் காக்கும் பாஞ்சராபோல் என்னும் காப்பகங்களைக் குஜராத்தில் நெடுங்காலமாக நடத்தி வருகின்றனர். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, 1929-இல் தொடங்கிய சமணர்களின் பறவை மருத்துவமனை இன்றும் காயமுற்ற பறவைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை செய்கிறது. குணமடைந்த பறவைகளை அங்கே கூண்டில் வைத்துக்கொள்வதில்லை; வானில் பறக்க விட்டுவிடுகின்றனர்.

சமணர் போற்றும் ஞாதாதருமகதை என்னும் ஆகமத்தில் ஒரு கதை உண்டு. காட்டுத் தீக்கு அஞ்சிய விலங்குகள் எல்லாம், யானை ஒன்று முன்பே செடிகொடிகளை நீக்கி வைத்திருந்த வெற்றிடத்தில் வந்து நெருங்கி நின்றன. உடலைச் சொறிந்துகொள்ள யானை ஒரு காலைத் தூக்கியது. காலியான அவ்விடத்தில் முயல் ஒன்று புகுந்து ஒடுங்கிக்கொண்டது. காலை ஊன்றினால் முயல் நசுங்கும் என்றுணர்ந்த யானை, தீ தணியும் வரையில் இரண்டரை நாள் காலைத் தூக்கியபடியே நின்றது. பின்னர் மரத்துப்போன கால் ஊன்றாமல் கீழே விழுந்து உயிர் நீத்தது. அந்த யானையே சிரேணிக மன்னனின் மைந்தனாகிய மேககுமாரனாகப் பிறந்ததாக மகாவீரர் உரைத்தார் என்பது கதை.

அந்த யானை முயலை எடுக்கவில்லை, அணைக்கவில்லை, உணவும் ஊட்டவில்லை. தன் காலைக் கீழே வைக்காதிருந்தது, அவ்வளவே. முயற்குட்டிகளைப் பொறுத்தவரை இதைவிடச் சிறந்த அறிவுரை இன்றைய விலங்கு மருத்துவத்திலும் இல்லை எனலாம்.

நம் நாட்டுக் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை; புல்லிடையே குட்டி ஈனுகிறது. குட்டிகள் பிறக்கும்போதே உரோமமும் திறந்த கண்களும் உடையவை. பகைவிலங்குகள் மோப்பம் பிடித்துவிடாதிருக்க, தாய் அவற்றை விட்டு விலகியே இருக்கும். இருட்டிய பின்னரே வந்து சிறிது நேரம் பாலூட்டிச் செல்லும். ஆகவே, புல்லில் தனித்துக் கிடக்கும் குட்டி தாயற்ற குட்டி என்று கொள்ளலாகாது. இதனை அறியாத நல்லுள்ளத்தினர் பலர், "ஐயோ, பாவம்!" என்று அதனை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகின்றனர். பசும்பாலைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுகின்றனர். பால் செரியாமல் வயிறு உப்பும், கழிச்சல் காணும், நுரையீரலுக்குள் பால் சென்றாலோ மூச்சு முட்டும். அச்சம் ஒன்றே சில குட்டிகளின் உயிரைப் போக்கிவிடும். அன்பினால் கொல்லப்படும் உயிர்கள் இவை.

உதவி உண்மையாகவே வேண்டப்படும் வேளைகளும் உண்டு. தாய் இறந்து கிடக்கக் கண்டால், குட்டியின் உடலில் காயமோ ஈ மொய்ப்போ இருந்தால், உடல் சில்லிட்டிருந்தால், பூனையோ நாயோ கவ்வி வந்திருந்தால் தாமதித்தல் கூடாது. பூனையின் பல் பட்ட சிறு காயமும் சீழ்ப்பிடித்து உயிர் போக்கக்கூடும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து, குட்டியை அதனுள் வைத்து, வெதுவெதுப்பும் இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வையுங்கள். பாலோ உணவோ தராதீர்கள். குழந்தைகள் பலமுறை எடுத்துப் பார்க்க இடம் கொடாதீர்கள். உடனே வனத்துறையினருக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவியுங்கள்.

காயமில்லாத குட்டியைத் தவறி எடுத்து வந்திருந்தால், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து விலகிவிடுவது நலம். மனிதக் கை பட்டதால் தாய் வெறுத்துவிடும் என்பது வீண் அச்சம். காட்டு முயலை வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. பயிற்சி பெற்றோர் கூட, தக்க பாலுணவு தந்து, பிறகு புல்லுக்குப் பழக்கி, ஓடும் வலிமை வந்ததும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். மனிதரை அஞ்சாத முயல் காட்டில் நெடுநாள் உயிர் வாழாது. ஆகவே அதனைக் கொஞ்சிப் பெயரிட்டு அழைப்பதையும் அவர்கள் தவிர்க்கின்றனர்.

நம் குழந்தைகள் கருணை உள்ளம் உடையவர்கள். தோட்டத்திலோ பள்ளி மைதானத்திலோ முயற்குட்டியைக் கண்டால், அவர்கள் முதலில் கை நீட்டுவர். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த யானையின் கதையைச் சொல்லுங்கள். தூரத்தில் நின்று, தாய் வருவதற்கு இடம் விட்டு, வீட்டு நாயைக் கட்டி வைப்பதும் ஒரு தொண்டு என்பதை அவர்கள் எளிதில் அறிந்துகொள்வர். மட்டாஞ்சேரிக்குச் செல்லும் அன்பர்கள், அரண்மனையைக் கண்டபின் குஜராத்தி வீதிக்கும் அவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.